பி.டி. மாஸ்டர் டாக்டரிடம் சொல்லாமல் விட்டது

புதுப்பட்டினத்துப் பி.டி. மாஸ்டர் கிருபாகரன் ஒரே வருடத்தில் நாற்பத்து மூன்று கிலோ எடையைக் குறைத்ததற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று ஊருக்குத் தெரிந்தது. மற்றது நடந்தது.

ஊருக்குத் தெரிந்த வரலாற்றில் மூன்று கதாநாயகர்கள்: கொள்ளு, காலை நடை, மனவுறுதி. கோடை விடுமுறையில் கோயம்புத்தூர் சகலை வீட்டுக்குப் போன மாஸ்டர் அங்கே ஏதோ இயற்கை வைத்தியம் கற்றுக்கொண்டு வந்தார். விடியலில் எழுந்தார், கொள்ளுக் கஞ்சி குடித்தார், கடற்கரையில் நடந்தார், உருகினார். நடந்த வரலாறு இதைவிடச் சுருக்கமானது. மாஸ்டர் கோயம்புத்தூர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஓ.எம்.ஆரில் படூரைத் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில், இரைப்பையைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாகப் பிரித்து, குடலை மேலே இழுத்து அதோடு தைத்து அனுப்பினார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரமும் மாஸ்டர் மயக்கத்தில் இருந்ததால் மனவுறுதிக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இதை மறைப்பானேன் என்று கேட்பவர்கள் அவருடைய உத்தியோகத்தை மறந்துவிடுகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர். நூற்று இருபத்தேழு கிலோவோடு மைதானத்தின் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசில் ஊதியே பத்தொன்பது வருடம் பிள்ளைகளை ஓடவிட்டவர். அவருடைய அப்பா முத்துசாமி படாளம் கிராமத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்கு உழைத்து முதுகெலும்பு தெரிய இருந்தவர். 'எம்புள்ள ஒடம்பப் பாத்தாலே தெர்ல? மாசச் சம்பளக்காரன்' என்று பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். அப்பா பெருமைப்பட்ட அந்த உடம்பைக் கத்தியால் குறைத்தேன் என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. நடந்து குறைத்தேன் என்றால் பெருமை அப்படியே இருக்கும், இடம் மட்டும் மாறியிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாளில் அனு என்ற நர்ஸ் அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது.

"சார், உங்க பழைய பிரஷர் மாத்திரை மெதுவாக் கரையிற டைப். இப்ப உங்க வயித்துல அது கரையறதுக்குள்ள தாண்டிப் போயிடும். அதான் வேற எழுதியிருக்கோம். சுகர் மாத்திரையும் குறைச்சாச்சு, பழைய அளவைப் போட்டுடாதீங்க. வைட்டமின், கால்சியம், இரும்பு எல்லாம் ஆயுசுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் ஒண்ணாப் போடக் கூடாது, நடுவுல ரெண்டு மணி நேரம் விடணும்."

"சரிம்மா."

"முக்கியமா வலி மாத்திரை. முட்டி வலி, முதுகு வலின்னு கடையில குடுப்பாங்களே, அது எதுவும் ஆகாது. தையல் போட்ட எடத்துல புண்ணு வந்துடும். வலிச்சா பாரசிட்டமால் மட்டும். இந்தக் கார்டு பர்ஸ்லயே இருக்கட்டும். பல் டாக்டர்கிட்டப் போனாக் கூட முதல்ல இதைக் காட்டணும்."

"சரிம்மா."

"நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைத்தவர், கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவில் தடுமாறினார். அனு திருத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கார்டை மாஸ்டர் மிகுந்த பொறுப்போடு லேமினேட் செய்தார். பிறகு அதைவிடப் பொறுப்போடு பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். அவருடைய மனைவி லதா தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவள். எந்தக் காகிதம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் கறாரான ஆள்.

"பர்ஸ்ல வெக்கச் சொன்னாங்க."

"பஸ்ல எவனாச்சும் பர்ஸ அடிச்சிட்டான்னா?"

"பர்ஸ அடிக்கிறவன் கார்ட குந்திப் படிச்சிட்டு ஊர்ல வந்து சொல்லப் போறானா?"

"நம்ம ஊர்ல சொல்வான்," என்றார் மாஸ்டர்.

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரின் செய்திகள் அனைத்தும் சதாசிவத்தின் மருந்துக்கடை வழியாகத்தான் போய்வந்தன. சதாசிவத்திடம் யாரும் மருந்தின் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 'காய்ச்சலுக்கு ஒரு செட்', 'உடம்பு வலிக்கு ஒரு செட்' என்பார்கள். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நாலைந்து அட்டைகளை எடுத்து, கத்தரியால் நறுக் நறுக்கென்று வெட்டி, ஒரு காகிதக் கவரில் போட்டு, 'காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு' என்று நீட்டுவார். எல்லா செட்டிலும் ஒரு வலி மாத்திரை இருக்கும். காய்ச்சல் செட்டிலும் இருக்கும், ஜலதோஷ செட்டிலும் இருக்கும். அது சதாசிவத்தின் கைராசி. வாங்குபவர் கடையைவிட்டு இறங்குவதற்குள் அடுத்து வருபவருக்கு அவர் வியாதியும் தெரிந்துவிடும்.

ஆகவே மாஸ்டர் மாதம் ஒருமுறை, மீட்டிங் என்று சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் பிடித்துப் போய், தன்னை அறியாத ஒரு கடையில் மாத்திரை வாங்கினார். அட்டைகளைப் பிரித்துக் கொள்ளு மாவு டப்பாவில் கொட்டி வைத்தார். அந்த வீட்டில் கொள்ளுக்கு இருந்த ஒரே உபயோகம் அதுதான்.

இதற்கிடையில் புகழ் வந்து சேர்ந்தது. அதோடு 'புதுப்பட்டினம் காலை நடைச் சங்கம்' என்று ஒன்றும் வந்து சேர்ந்தது. உறுப்பினர்கள் இருபத்தாறு பேர், தலைவர் கிருபாகரன். முதல் சீடன் சின்னராசு, மீன் ஏலம் விடுபவன், நூற்றுப் பதினைந்து கிலோ. மாஸ்டர் சொன்ன தேதியிலிருந்து ஒருநாள் தவறாமல் மூன்று வேளையும் கொள்ளு சாப்பிட்டு, ஏலக்கூடத்தில் தன் பக்கத்தில் ஆள் நிற்காத அளவுக்கு அந்த விரதத்தைக் காப்பாற்றி வந்தான். எடை மட்டும் நூற்றுப் பதினைந்திலேயே மனவுறுதியோடு நின்றது.

தலைவர் ஆனபின் நடந்தே தீரவேண்டும். நூற்று இருபத்தேழு கிலோவாக இருந்தபோது யாரும் அவரை நடக்கச் சொன்னதில்லை. எண்பத்து நான்கானபின் தினமும் ஆறு கிலோமீட்டர். பழைய பாரத்தை இத்தனை காலம் சுமந்த முட்டிகள் இப்போது தங்கள் மனுவைத் தாக்கல் செய்தன. இடது முட்டி வீங்கியது. பள்ளிக்கூடத்தில் அவர் நொண்டுவதைக் கண்ட தமிழ் டீச்சர் சம்பூர்ணம் கைப்பையைத் திறந்தார். அந்தப் பையில் சாக்பீஸைவிட மாத்திரை அதிகம்.

"மஞ்சள் கலரு தலைவலிக்கு மாஸ்டர். இந்த ரோஸ் கலரு இருக்கே, முட்டிக்கு. எங்க நாத்தனா ஒண்ணே ஒண்ணு போட்டா, மறுநாள் மாடிப்படி ஏறிட்டா."

"நான் இங்கிலீஷ் மருந்தே தொடுறதில்ல டீச்சர்," என்றார் மாஸ்டர். அன்று காலை கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து மாத்திரை விழுங்கியிருந்தார்.

வாய் தவறி வந்த அந்த வாக்கியம் ஒரு வாரத்தில் தத்துவமாகிவிட்டது. சங்கத்தின் முதலாமாண்டு விழாவுக்கு மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் கோட்டை வரை நடப்பது என்று சின்னராசு ஏற்பாடு செய்தான். பேனரில் மாஸ்டரின் பழைய படம், புதிய படம், நடுவே அம்புக்குறி. மேலே 'மருந்தில்லா வாழ்வை நோக்கி ஒரு நடை'. கீழே 'வழங்குபவர்: சதாசிவம் மருந்துக்கடை'.

விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. முட்டியோ படியிறங்கக்கூட ஒத்துழைக்கவில்லை. லதா வேலைக்குப் போன நேரம் பார்த்து மாஸ்டர் பீரோவைத் திறந்து கார்டை எடுத்து, சட்டம் படித்தவர் போல வரிவரியாக ஆராய்ந்தார். 'வலி நிவாரண மாத்திரைகள் கூடாது' என்று இருந்தது. மாத்திரைகள். ஊசி என்று எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. மாத்திரை வாய் வழியாக வயிற்றுக்குப் போகிறது, தையலில் படுகிறது, புண்ணாகிறது. நியாயம். ஊசியோ இடுப்பில் போடுவது. இடுப்பில் போட்டது வயிற்றுக்கு எதற்காகப் போகப்போகிறது? அனுவுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று அவருக்கே தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

சதாசிவத்தின் கடைக்குப் பின்னறையில் மாலை ஆறு மணிக்கு மேல் டாக்டர் பாலசுப்ரமணியன் உட்காருவார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்பவர். அவருடைய அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரை மட்டும்தான். அது உள்ளே இருப்பவரைக் கண்ணிலிருந்து மறைக்கும். காதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. திரையை ஒட்டி பெஞ்சு. அன்று பெஞ்சில் சம்பூர்ணம் டீச்சர் இருமலோடு உட்கார்ந்திருந்தார்.

"சுகர் இருக்கா?"

"இருந்திச்சு டாக்டர். இப்ப கம்மி."

"அல்சர், கிட்னி ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"முன்னாடி ஆபரேஷன் எதுவும் ஆகியிருக்கா?"

திரைக்கு வெளியே இருமல் நின்றது. கல்லாவில் சதாசிவத்தின் கத்தரிச் சத்தமும் நின்றது. ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பதிலுக்காகக் காத்திருப்பது போல மாஸ்டருக்கு இருந்தது.

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றார், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

ஊசி போட்டார்கள். கூடவே ஒரு கவரில் மாத்திரையும் கொடுத்தார்கள். மாஸ்டர் சட்டத்தை மதிப்பவர். மாத்திரைகளை ஒன்று விடாமல் வழியில் சாக்கடையில் கொட்டினார். மறுநாள் முட்டி பேசவே இல்லை. மூன்றாம் நாள் மறுபடி முனகியது, மறுபடி ஊசி. ஆறாம் நாள் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று. இவ்வளவு எளிதான வழியை அந்தக் கார்டு எழுதியவர்கள் யோசிக்காமல் விட்டார்களே என்று அவர்கள்மீது கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

வெள்ளிக்கிழமை நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிந்தது. லதா வைத்த காரக்குழம்பின் மேல் பழியைப் போட்டார். சனிக்கிழமை காலை மலம் கறுப்பாகப் போயிற்று. இரும்பு மாத்திரை போட்டால் கறுப்பாகத்தான் போகும் என்று அனுவே சொல்லியிருந்தாள். நர்ஸ் சொன்னதை இவ்வளவு வசதியாக அவர் அதுவரை நினைவில் வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரத்தில் இருபத்தாறு பேரும் ஒரே நிறப் பனியனில் கூடினார்கள். முதலுதவி மேசையில் சதாசிவம் குளுக்கோஸ் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் பாலசுப்ரமணியன் சிறப்பு விருந்தினர். மாஸ்டர் மைக்கைப் பிடித்து 'மாத்திரை என்பது சோம்பேறிகளின்...' என்று ஆரம்பித்தார். எதிரே இருந்த பேனரில் தன்னுடைய இரண்டு படங்களும் நாலாகத் தெரிந்தன. 'ஒரு நிமிஷம்' என்று சொல்லி மைக்கைச் சின்னராசுவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த சிற்பப் பட்டறைக்குப் பின்னால் போய், தும்பிக்கை செதுக்காத பிள்ளையார் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்தார்.

"கறுப்புன்னா எப்படி சார்? தார் மாதிரி ஒட்டுதா?" என்று கேட்டாள் அனு.

"ஆமாம்மா. இரும்பு மாத்திரைதான..."

"தலை சுத்துதா?"

"லேசா."

"வலிக்கு ஏதாவது போட்டீங்களா?"

"மாத்திரை தொடவே இல்லம்மா. ஊசிதான், நாலு."

"சார், ஊசியும் அதே மருந்துதான். ரத்தத்துல கலந்து வயித்துக்கும்தான் வரும். புண்ணுல ரத்தம் கசியுது போல. அங்கயே உக்காருங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரின்னாலும் போனதும் ஆபரேஷன் ஆனதைச் சொல்லணும்."

"நடைய முடிச்சிட்டு வந்துடறேம்மா. பன்னெண்டு கிலோமீட்டர்தான்."

"சார், போனைப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட குடுங்க."

பக்கத்தில் பிள்ளையார் மட்டுமே இருந்தார். மாஸ்டர் அவர் காலடியில் மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தார்.

தலைவரைத் தேடி வந்த சின்னராசு போட்ட சத்தத்தில் சங்கம் முழுவதும் ஓடி வந்து வட்டமாக நின்றது. யாரோ விசிறினார்கள். யாரோ சோடா என்றார்கள். சம்பூர்ணம் டீச்சர் கைப்பையைத் திறந்தார்.

"முட்டிதான் டாக்டர். பத்து நாளா பேஜாரு குடுத்துகினு கீது," என்றார் சதாசிவம், தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நம்பிக்கையோடு. டாக்டர் வீங்கிய முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து வலி மருந்தை ஊசியில் ஏற்றினார்.

மாஸ்டர் அந்த ஊசியைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற இருபத்தாறு பனியன்களைப் பார்த்தார். ஒவ்வொரு பனியனிலும் அவருடைய முகம் அச்சிட்டிருந்தது. ஊசியை வாங்கிக்கொண்டால் வயிறு போகும். வாயைத் திறந்தால் பெயர் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் நினைக்கலாம். மாஸ்டர் உண்மையாகவே யோசித்தார். இன்னும் ஒன்றே ஒன்றுதானே, நாலைத் தாங்கிய வயிறு ஐந்தைத் தாங்காதா என்றுகூட ஒரு கணக்கு ஓடியது. டாக்டர் பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் மாஸ்டருக்கு வாய்த்தது.

"வாணாம் டாக்டர். எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. எட கொறைக்கிற ஆபரேஷன். வலி ஊசி ஆவாது. ரெண்டு நாளா கறுப்பாப் போவுது."

கூட்டத்தில் விசிறிக்கொண்டிருந்த கை நின்றது.

"அன்னிக்கு நான் கேட்டேனே," என்றார் டாக்டர், ஊசியைக் கீழே வைத்தபடி.

"பெஞ்சில டீச்சர் இருந்தாங்க டாக்டர்."

சம்பூர்ணம் டீச்சர் கைப்பையை மூடினார். சின்னராசு மட்டும் இன்னும் புரியாமல் குனிந்து, காதோடு கேட்பதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்:

"அப்போ கொள்ளு?"

"நான் துன்னதே இல்ல சின்னராசு. எனக்கு அந்த வாடையே ஆவாது."

டாக்டரே போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்தார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தைத்த இடத்தில் புண், ரத்தக் கசிவு. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், கசிவை அடைத்தார்கள், நாலு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் ஒருநாள் தள்ளியிருந்தால் கதை வேறு என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதை, லதா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கார்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் மாஸ்டருக்கு அதிகம் வலித்தது.

ஊர் காறித் துப்பும் என்று எதிர்பார்த்து அவர் ஜன்னலைச் சாத்திவைத்திருந்தார். ஊருக்கு வேறு வேலைகள் இருந்தன. முதல் நாளே சம்பூர்ணம் டீச்சர் சாத்துக்குடியோடு வந்து, அந்த ஆஸ்பத்திரி எங்கே, எத்தனை நாள் படுக்க வேண்டும், வடு வெளியே தெரியுமா என்று நாத்தனாருக்காக விசாரித்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். சங்கத்தில் பாதிப் பேர் வந்து இதையே விசாரித்தார்கள். பொய் சொன்னதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, சின்னராசுவைத் தவிர.

"ஒரு வருசம் மாஸ்டர். மூணு வேள. வூட்ல எம் பொண்டாட்டி தனியாப் பாய் போட்டுகினு கீறா. ஏலத்துல ஒருத்தன் பக்கத்துல வர்றதில்ல. நீ இன்னா சொல்ற இதுக்கு?"

"தப்புதான் சின்னராசு."

"தப்புன்னா? அவளாண்ட வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேன்றா."

மாஸ்டர் எழுந்து நடக்க முடிந்த முதல் நாள், சின்னராசு வீட்டு வாசலில் நின்று, கொள்ளுக்கும் எடைக்கும் தமக்குத் தெரிந்து எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவன் மனைவியிடம் ஒப்புக்கொண்டார். ஆசிரியப் பணியில் அவர் எடுத்த முதல் நேர்மையான உடற்கல்வி வகுப்பு அதுதான்.

ஐப்பசி மழையில் மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறத் தெம்பில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு சதாசிவத்தின் கடைக்கே போனார். மழைக்காலம், கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"காய்ச்சலா மாஸ்டர்?" சதாசிவத்தின் கை தன்னிச்சையாக அட்டைகளை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டது.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல் அது.

"சதாசிவம், எனக்கு எரப்பையச் சின்னதாக்கி வெச்சிருக்கு. வலி மாத்திர ஆவாது, ஊசியும் ஆவாது. பாரசிட்டமால் மட்டும் முழு அட்டையாக் குடு. வெட்டாத. பேரப் படிக்கணும்."

"தெரியும் மாஸ்டர், ஊருக்கே தெரியும். மெதுவாச் சொல்லேன்."

"மெதுவாக்கூடச் சொல்லாததாலதான் ரத்தம் ஏத்திக்கினு வந்தேன்." அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுல கூட வேற எதுனா சேத்துருக்கா? ஒண்ணோட ஒண்ணு கலந்து வருதாமே."

"இல்ல மாஸ்டர்."

"படிச்சிட்டுச் சொல்லு."

பின்னால் நின்ற ஓர் அம்மாள், அப்போதுதான் வாங்கிய கவரைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். நாலு மாத்திரை, நாலு நிறம்.

"அண்ணாத்த, எனக்கு அல்சர் கீதுன்னு நான் உன்னாண்ட சொன்னதில்ல. நீயும் கேக்கல. இந்த ரோசு இன்னாது?"

"அது... ஒடம்பு வலிக்குமா."

"நான் ஜலதோசம்னுதான கேட்டேன்."

அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் கவர்களைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். சதாசிவம் கத்தரியைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையைத் துழாவி, தூசி படிந்த கண்ணாடி ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, மாஸ்டரின் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இருங்க," என்றார். "எழுத்து பொடிசா கீது."